மண்டபத்தின் சாவி யாரிடம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு திருப்பலி. விசுவாசிகள் மன்றாட்டை வாசிக்கச் சிறுமி ஒருத்தி ஒலிபெருக்கி முன் வந்து நின்றாள். ஆறாம் வகுப்பு மாணவி. இரு கைகளாலும் தாளைப் பிடித்துக்கொண்டு, தடுமாற்றம் ஏதுமின்றி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஐந்து மன்றாட்டுகளையும் சொல்லி முடித்தாள். பெரியவர்கள் வாசித்தால்கூட இவ்வளவு தெளிவு இருக்காது. எனக்குப் பெருமையாக இருந்தது.

திருப்பலி முடிந்ததும் பாராட்டலாமென்று அவளை அழைத்தேன். கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். அது மன்றாட்டுத் தாள் அன்று. முந்தைய வாரம் நான் வாசித்துவிட்டு வைத்திருந்த திருமண அறிவிப்புத் தாள்.

"என்னம்மா இது?" என்றேன்.

"அக்கா சொல்லிக் குடுத்துச்சு சாமி. மனப்பாடம் பண்ணிட்டேன்" என்றாள். குற்றம் செய்து பிடிபட்டவளைப்போல் அவள் தலை குனிந்தது.

மறைக்கல்விப் புத்தகத்தை விரித்து ஒரு வரியைக் காட்டினேன். 'மழை' என்ற சொல்லில் முதல் எழுத்தைச் சொன்னாள். அடுத்த எழுத்தின் முன்னால் நிற்கும் இணைக்கொம்பைக் கண்டதும் விழித்தாள். ஒற்றைக் கொம்பா, இரட்டைக் கொம்பா, துணைக்கால் எங்கே சேரும் என்பதெல்லாம் அவளுக்குக் குழப்பம். அவளுடைய பள்ளி நோட்டுப் புத்தகத்தை மறுநாள் கொண்டுவரச் சொன்னேன். முத்து முத்தான கையெழுத்து! கரும்பலகையில் இருப்பதைப் பார்த்துப் படம் வரைவதைப்போல் வரைந்திருக்கிறாள். ஆறு ஆண்டுகள் எழுதியிருக்கிறாள், வாசித்ததில்லை.

அவளுடைய தாய் மல்லிகைத் தோட்டத்தில் கூலிக்குப் பூப்பறிப்பவர். விடியுமுன் நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களுள் ஒருவர். பறிப்பு அதிகமுள்ள பருவத்தில் மகளும் உடன் போவாள். பூ மொட்டாக இருக்கும்போதே சந்தைக்குப் போயாக வேண்டும். ஆகவே அவளுடைய உறக்கம் பள்ளிக்கூடத்தில்தான் நிறைவேறியது. தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் நாட்கூலி. வீட்டில் அவளுக்கு எழுத்தைக் காட்டிச் சொல்லித்தர ஒருவரும் இல்லை.

அந்தப் பிள்ளை ஆண்டவரிடம் எல்லாருக்காகவும் மன்றாடினாள். அவளுக்காக மன்றாடியவர் யார்? மன்றாட்டோடு நின்றுவிடாமல் எழுந்து போய் அவளருகில் உட்கார்ந்தவர் யார்? இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கிறது. படித்து முடித்தபின் என்மீது சிலருக்குக் கோபம் வரக்கூடும். வரட்டும், முதற்கல் என் மீதே விழுகிறது என்பதையும் அவர்கள் காண்பார்கள்.

ஒருத்தியின் கதையன்று

இது ஒரு தனிப் பிள்ளையின் குறை என்று தள்ளிவிட முடியுமா? 'பிரதம்' என்னும் அமைப்பு வீடு வீடாகச் சென்று பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்துத் தொகுக்கும் 'அசர்' அறிக்கையைப் பாருங்கள். கிராமப்புறத் தமிழகத்தில் மூன்றாம் வகுப்பில் பயில்வோருள், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 2018 இல் 10.2 விழுக்காட்டினர், பெருந்தொற்றுக்குப் பின், 2022 இல், 4.8 விழுக்காட்டினர். நூற்றுக்கு ஐவர்கூட இல்லை! 2024 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு நிலைமை தேறியதைக் காட்டியது, அது மகிழ்ச்சியே. அந்த அளவுகோலைக் குறைகூறுவோரும் உண்டு. அளவுகோலைப் பற்றி அறிஞர்கள் வாதிடட்டும். ஆனால் நம் மறைக்கல்வி வகுப்பில் பத்துப் பிள்ளைகளிடம் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்ல எந்த அறிஞரும் தேவையில்லை. அடுத்த ஞாயிறே செய்து பாருங்கள்.

நமது திண்டுக்கல் மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1985 இல். 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, நம் மாவட்டத்திலோ 76.26. சின்னாளப்பட்டி அருகே 1947 இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கிய மண் இது. அருள்சகோதரிகளும் குருக்களும் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிகள் நடத்திய மண் இது. ஆயினும் சமவெளியின் காலனிகளிலும் தோட்டத்து வீடுகளிலும் எழுத்து இன்னும் விருந்தாளியாகவே இருக்கிறது. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளின் வேன்கள் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்போடு நின்ற பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதை நாம் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். அவர்களுள் பலர் பள்ளியைவிட்டு நின்றது பதினான்கு வயதில் அன்று. வாசிக்க வராத அந்த எட்டாவது வயதிலேயே அவர்கள் உள்ளத்தால் நின்றுவிட்டார்கள். உடல்தான் பின்னால் வெளியேறியது.

வேப்பமரத்தடிக்கு வந்த கல்வி

2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் திறந்தன. ஏறத்தாழப் பத்தொன்பது மாதங்கள்! வசதியுள்ள வீடுகளில் கைப்பேசி வழியே ஏதோ கொஞ்சம் பாடம் நடந்தது. கூலி வீடுகளில் இருந்த ஒற்றைக் கைப்பேசி தந்தையோடு வேலைக்குப் போய்விட்டது. அந்தச் சூழலில்தான் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட 12 மாவட்டங்களுள் நமது திண்டுக்கல்லும் ஒன்று. மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள், குடியிருப்பின் அருகிலேயே, இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்பது ஏற்பாடு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கும், பட்டம் பெற்றவர் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கும் சொல்லித்தரலாம். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மாநிலமெங்கும் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் முன்வந்தார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

இதனால் பயன் விளைந்ததா? கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளியல் அறிஞர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்து 2022 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் பிள்ளைகள் இழந்ததில் மூன்றில் இரு பங்கு மீண்டது; அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் விளைந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஏழை வீட்டுப் பிள்ளைகளே இவ்வகுப்புகளை அதிகம் நாடினர் என்பதும் தெரியவந்தது. மரத்தடியிலும் திண்ணையிலும் கோவில் வாசலிலும் நடந்த வகுப்புகள்! எந்தக் கட்டடமும் இல்லை, சீருடை இல்லை, கட்டணம் இல்லை. தெருவில் வாழும் ஓர் அக்கா இருந்தாள், அவ்வளவே.

என் வயதினருக்கு இது முற்றிலும் புதிய காட்சியன்று. 1991 வாக்கில், நான் குருமாணவனாக இருந்தபோது, விடுமுறையில் பணி பழகப் புதுக்கோட்டைப் பக்கத்துப் பங்கு ஒன்றுக்கு அனுப்பப்பட்டேன். அங்கே அறிவொளி இயக்கம் ஊரையே உலுக்கிக்கொண்டிருந்தது. அரிக்கேன் விளக்கைச் சுற்றிக் கல்லுடைக்கும் பெண்கள் உட்கார்ந்து தம் பெயரை எழுதிப் பழகினார்கள். மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். எழுத்தும் மிதிவண்டியும் சேர்ந்தே அவர்களை வெளியே கொண்டுவந்தன. நான் இறையியல் புத்தகங்களில் படித்துக்கொண்டிருந்த 'விடுதலை' என்ற சொல் கண்ணெதிரே உருண்டு சென்றது. ஆனால் அதே இயக்கம் ஓய்ந்தபின், வாசிக்கப் புத்தகமும் கூடிப் படிக்க இடமும் இல்லாத ஊர்களில், கற்ற எழுத்து பலரிடம் மங்கிப்போனதையும் பின்னாளில் கண்டேன். தன்னார்வலரின் வியர்வை விதையைப் போன்றது. அது விழுந்த இடத்தில் நிலமும் நீரும் வைத்திருக்க வேண்டியது ஊரின் பொறுப்பு.

என் குற்றம்

இனி என் கதைக்கு வருகிறேன். பங்கின் பெயர் வேண்டாம். அது எந்தப் பங்காகவும் இருக்கலாம்.

காலனியைச் சேர்ந்த பட்டதாரிப் பெண் ஒருத்தி மாலை வகுப்பு நடத்திவந்தாள். வேப்பமரத்தடியில், பதினெட்டோ இருபதோ பிள்ளைகள். மேலே நான் சொன்ன சிறுமியும் அங்கே சேர்ந்தாள். ஐப்பசி மழை தொடங்கியது. அவள் என்னிடம் வந்து, "சாமி, மழைக்காலம் முடியிற வரைக்கும் பங்கு மண்டபத்தைச் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் குடுத்தீங்கன்னா போதும். நாங்களே கூட்டிச் சுத்தம் பண்ணிக் குடுத்துருவோம்" என்று கேட்டாள். நியாயமான வேண்டுகோள். நான் உடனே சாவியைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. "பங்குப் பேரவையில் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

பேரவையில் காரணங்கள் அணிவகுத்தன. புதிதாகப் பதித்த தரைக் கற்கள் பாழாகும். மின்கட்டணத்தை யார் கட்டுவது? ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் பொறுப்பு யார்? கல்யாண வாடகைக்குக் கேட்டு வருபவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது? இறுதியில் மூத்தவர் ஒருவர், "எல்லாத் தெருப் பிள்ளைகளும் வந்து போக ஆரம்பித்தால் ஒழுங்கு கெட்டுவிடும் சாமி" என்றார். அறை அமைதியாயிற்று. அந்த வாக்கியத்தின் பொருள் அங்கிருந்த எல்லாருக்கும் விளங்கியது. எனக்கும் விளங்கியது. தரைக் கல் அன்று, தெருதான் சிக்கல். சாதி என்ற சொல்லை உச்சரிக்காமலேயே சாதி அங்கே தீர்ப்பெழுதிவிட்டது.

நான் என்ன செய்தேன்? "திருவிழா முடியட்டும், பார்க்கலாம்" என்றேன். மறையுரையில் சமத்துவம் பேசும் வாய் அது! சாதிப் பாகுபாட்டைக் கண்டித்து 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை என் மேசையிலேயே இருந்தது. மேசையில் இருந்தது, நெஞ்சில் இல்லை.

திருவிழா முடிந்தது. மின் அலங்காரமும் வாண வேடிக்கையும் சிறப்பாக நடந்தன. மழை முடியவில்லை. அந்தப் பெண் ஒரு வீட்டுத் திண்ணையில், தெருவிளக்கின் வெளிச்சத்தில், ஏழெட்டுப் பிள்ளைகளோடு கொஞ்ச நாள் ஒப்பேற்றினாள். மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். பின்னர் அவளும் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். வகுப்பு நின்றது. மண்டபம் பத்திரமாக இருந்தது. தரைக் கற்கள் இன்றும் பளபளக்கின்றன.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். கள்ளச் சாவிக்குத் திறக்காத பூட்டு என்று நம் பெரியவர்கள் புகழ்வார்கள். அப்படிப்பட்ட பூட்டு ஒன்றை நான் பிள்ளைகளுக்கு எதிராகப் பயன்படுத்தினேன். நற்செய்தியில் குழந்தைகளை அண்டவிடாமல் அதட்டியவர்கள் பகைவர்கள் அல்லர், சீடர்கள்தாம். ஆண்டவர் சினங்கொண்டது அவர்கள்மீதே. அப்பகுதியை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். என்னைப் பற்றி எழுதியது என்று அதுவரை நினைத்ததில்லை.

எழுப்பப்படும் ஆட்சேபங்கள்

இம்முயற்சிகளைப் பற்றி நம்மிடையே மூன்று ஆட்சேபங்கள் உலவுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: "பயிற்சி பெறாத பெண் பிள்ளை என்ன சொல்லித்தந்துவிடப் போகிறாள்? கற்பிப்பது ஆசிரியர் வேலையல்லவா?" உண்மைதான், அறிவியலையும் கணிதத்தையும் முறையாகக் கற்பிக்கப் பயிற்சி வேண்டும். ஆனால் தமிழ் எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்கவும், சொற்களைக் கூட்டி வரியாக்கவும் சொல்லித்தர, பொறுமையும் அண்மையும் முதல் தேவைகள். வகுப்பாசிரியர் முன் முப்பது பிள்ளைகள். முடிக்க வேண்டிய பாடத்திட்டம் வேறு. கொம்பில் திணறும் ஒரு பிள்ளைக்காக அவரால் வகுப்பை நிறுத்த இயலாது. மாலை வகுப்பு அக்காவால் இயலும். எந்த வகுப்பில் படிக்கிறான் என்று பாராமல், எந்த எழுத்தில் நிற்கிறான் என்று பார்த்து, அங்கிருந்து அவள் தொடங்கலாம். பிரேசில் நாட்டின் ஆங்கிக்கோஸ் என்ற சிற்றூரில் 1963 இல் பாவுலோ ஃப்ரேயரின் வழிகாட்டுதலில் மாணவர்கள்தாம் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவித்தார்கள். அடுத்த ஆண்டு ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் ஃப்ரேயரைச் சிறைப்படுத்தியது. பின்னர் அவர் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. ஏழை வாசிக்கத் தொடங்கினால் என்ன நிகழும் என்பது ஆள்வோருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இரண்டாவது ஆட்சேபம் மற்றொரு திசையிலிருந்து வருகிறது. அதில் நியாயம் அதிகம். "கல்வி அரசின் கடமை. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்விச் சட்டம் அதைப் பிள்ளையின் உரிமையாக்கியுள்ளது. தன்னார்வலர்களை நுழைத்தால், நாளை ஆசிரியர் பணியிடங்களைக் காலியாகவே விட்டுவிடுவார்கள்." 2020 ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் தன்னார்வலர்களைப் பற்றிப் பேசியதால், 2021 இல் சிலர் இவ்வச்சத்தை உரக்கவே எழுப்பினார்கள். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆசிரியர் இல்லாத இடத்தை நிரப்பத் தன்னார்வலரை அனுப்பினால் அதை எதிர்க்கும் முதல் குரல்களுள் ஒன்றாகத் திருச்சபையின் குரல் இருக்க வேண்டும். தன்னார்வலர் பள்ளிக்குத் துணை. பள்ளிக்கு மாற்று அல்லர்.

ஆனால் இந்த நியாயத்தைச் சொல்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அரசு தன் கடமையைச் செய்து முடிக்கும் நாள்வரை அந்தச் சிறுமி ஆறாம் வகுப்பிலேயே காத்திருப்பாளா? பிள்ளையின் எட்டு வயது ஒருமுறைதான் வரும். பசித்த பிள்ளைக்குச் சோறிடுமுன் உணவு வழங்கல் துறையின் கடமையைப் பற்றி எந்தத் தாயும் விவாதிப்பதில்லை. சோற்றையும் ஊட்டுகிறாள், கடையில் அரிசி போடவில்லையென்றால் போய்ச் சண்டையும் இடுகிறாள். இரண்டும் ஒரே அன்பின் இரண்டு கைகள்.

இவ்விடத்தில் தன்னார்வத்தைப் புகழ்பவர்களுக்கும் ஒரு சொல். "சேவை, சேவை" என்று மேடையில் பொன்னாடை போர்த்துகிறோம். மாதம் ஆயிரம் ரூபாய் என்பது நாளொன்றுக்குச் சுமார் முப்பத்து மூன்று ரூபாய். 2021–22 இல் தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி 273 ரூபாய். அதாவது, ஒரு மாதம் முழுவதும் மாலைதோறும் இருபது பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவளுக்குக் கிடைத்தது நான்கு நாள் மண்வெட்டும் கூலிக்கும் குறைவு. ஏழைப் பெண்ணின் நேரத்தை மலிவாக வாங்கி அதற்குத் தியாகம் என்று பெயரிடுவது தியாகத்திற்கே இழிவு. தியாகம் என்பது தருபவர் சொல்ல வேண்டிய சொல். பெறுபவர் சொல்ல வேண்டியது கூலி.

மூன்றாவது ஆட்சேபம் நம் வீட்டுக்குள்ளிருந்தே எழுகிறது. "நாம்தான் பள்ளிகள் நடத்துகிறோமே, இன்னும் என்ன செய்ய வேண்டும்?" நடத்துகிறோம். அப்பள்ளிகள் இல்லாதிருந்தால் இந்த மாவட்டத்தின் பல தலைமுறைகள் எழுத்தறியாமலே போயிருக்கும் என்பதில் ஐயமில்லை. நானே அப்படிப்பட்ட பள்ளி ஒன்றின் பிள்ளை. ஆனால் இன்று நம் ஆங்கிலவழிப் பள்ளிகளின் வாசலில் வரிசையில் நிற்பவர்கள் யார்? பூப்பறிக்கும் தாயா? 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, நம் பள்ளிகள் பொருளில் வறியோரையும் குடும்பத்தின் ஆதரவற்றோரையும் சிறப்பாகக் கவனிக்க வேண்டுமென்று பணித்தது. 1967 இல் திருத்தந்தை ஆறாம் பவுல் மக்களின் முன்னேற்றம் பற்றிய தம் சுற்றுமடலில், கல்விப் பசி உணவுப் பசிக்குச் சற்றும் குறைந்ததன்று என்ற கருத்தை வலியுறுத்தினார். சங்கம் முடிந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. சங்க ஏடுகளை நாம் அழகாகக் கட்டமைத்து அலமாரியில் வைத்திருக்கிறோம். அலமாரிக்கும் பூட்டு உண்டு.

பார்பியானாவின் குரு

இத்தாலியில் லொரென்சோ மிலானி என்றொரு குரு இருந்தார். வசதியும் படிப்பும் மிக்க குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய போக்கு மேலிடத்தாருக்குப் பிடிக்காமற்போகவே, 1954 இறுதியில் பார்பியானா என்னும் மலையூருக்கு மாற்றப்பட்டார். சிதறிக் கிடந்த சில குடிசைகள். நல்ல சாலை கிடையாது. தண்டனையாக வந்த அந்த இடத்தில், அவர் தம் பங்கு இல்லத்தையே பள்ளிக்கூடமாக்கினார். அரசுப் பள்ளிகளில் தோற்றவர்கள் என்று தள்ளப்பட்ட குடியானவப் பிள்ளைகளை உட்காரவைத்து, மூத்தவர் இளையவருக்குச் சொல்லித்தரும் முறையில், அவர்களுக்கு மொழியைக் கைவசப்படுத்தினார். மொழி யாரிடம் இருக்கிறதோ அவரிடமே மனித மாண்பும் உரிமையும் நிலைக்கும் என்பது அவரது உறுதி. அப்பிள்ளைகள் சேர்ந்து எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூல் 1967 மே மாதத்தில் வெளிவந்தது. ஏழைகளை வடிகட்டி வெளியேற்றும் பள்ளிமுறையை அது நாட்டின்முன் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. அடுத்த மாதமே மிலானி இறந்தார். வயது நாற்பத்து நான்கு. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017 ஜூன் 20 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் அந்த மலையூருக்குச் சென்று அவருடைய கல்லறைமுன் செபித்தார்.

மிலானியிடம் மண்டபம் இல்லை. என்னிடம் இருந்தது. அவரிடம் இல்லாதது எனக்கு இருந்தும், அவரிடம் இருந்தது எனக்கு இல்லாமற்போயிற்று.

நாசரேத்து ஊர்த் தொழுகைக்கூடத்தில் இயேசு எழுந்து நின்று ஏட்டுச்சுருளை விரித்து வாசித்தார் என்று லூக்கா நற்செய்தியாளர் எழுதுகிறார். அவர் என்ன வாசித்தார் என்பதைப் பற்றி ஆயிரம் மறையுரைகள் கேட்டிருப்பீர்கள். அவரால் வாசிக்க முடிந்தது என்பதைப் பற்றி யாராவது சொன்னதுண்டா? பெயரில்லாத ஒரு மலையூரில், தச்சர் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு எழுத்தறிவித்த கை யாருடையது? விவிலியம் அப்பெயரைச் சொல்லவில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தந்திருக்கிறார். அந்தப் பெயரில்லாதவரின் வரிசையில்தான் வேப்பமரத்தடி அக்காவும் நிற்கிறாள்.

ஆகவே என்ன செய்வது?

கோபத்தோடு நிறுத்திவிடலாகாது. ஒவ்வொரு பங்கும் இந்த ஆண்டே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

மாலை ஐந்து முதல் ஏழு வரை மண்டபம் திறந்திருக்கட்டும். எந்தத் தெரு, எந்தச் சமயம் என்ற கேள்வி வாசலில் எழக்கூடாது. செபம் சொல்லித்தரும் வகுப்பாக அதை மாற்றவும் கூடாது. இது எழுத்துக்கான நேரம். வகுப்பு நடத்தும் பெண்ணுக்கு மதிப்பான தொகையைப் பங்கே மாதந்தோறும் வழங்கட்டும். பணம் எங்கே என்று கேட்பவர்கள் சென்ற திருவிழாவின் வரவு செலவுக் கணக்கை எடுத்து, வாண வேடிக்கை என்ற தலைப்பின் எதிரே உள்ள எண்ணைப் பார்க்கட்டும். அரைமணி நேரத்தில் புகையாவது ஓராண்டுக் கல்வியாக முடியும்.

பாடம் முடிப்பதை விட்டுவிட்டு முதலில் வாசிப்பை மட்டும் இலக்காகக் கொள்வோம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பத்தியை உரக்க வாசிக்கட்டும். அதைப் பெற்றோர் வந்து கேட்கட்டும். வாசிக்கத் தெரியாத தாய் தன் மகள் வாசிப்பதைக் கேட்கும் முகத்தைப் பார்த்தவர்கள் பிறகு மின்கட்டணத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஓர் அலமாரி நிறையச் சிறுவர் புத்தகங்கள் வேண்டும். பிள்ளைகள் தொட்டுக் கிழித்தாலும் குற்றமில்லை. இருட்டியபின் பெண் பிள்ளைகளை வீடுவரை கொண்டுபோய் விடும் பொறுப்பை அன்பியக் குடும்பங்கள் முறைவைத்து ஏற்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் பங்குகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! வாரம் ஒரு மாலை வந்து அந்தப் பெண்ணுக்குத் துணை நிற்கலாம். பள்ளித் தலைமையாசிரியரைச் சந்தித்து, எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று பேசலாம். அங்கே ஆசிரியர் பணியிடம் காலியாயிருந்தால், ஊர்ப் பெயரால் மனு எழுதி, நிரப்பப்படும்வரை விடாமல் கேட்கலாம்.

அந்தச் சிறுமி இப்போது பத்தாம் வகுப்பு வயதை எட்டியிருக்க வேண்டும். நான் வேறு பங்கிற்கு மாற்றலாகி வந்துவிட்டேன். அவள் பள்ளிக்குத்தான் போகிறாளா, ஆலை வேனில் ஏறிவிட்டாளா என்று விசாரிக்க எனக்கு நெடுநாள் துணிவு வரவில்லை. சென்ற மாதம் விசாரித்தேன். பள்ளிக்குத்தான் போகிறாளாம். வாசிக்கிறாளா என்று கேட்டேன். சொன்னவருக்கு அது தெரியவில்லை.

இப்போதுள்ள பங்கில் மண்டபச் சாவி உபதேசியாரிடம் இல்லை, பேரவைச் செயலரிடமும் இல்லை. மாலை வகுப்பு நடத்தும் இரண்டு பெண்களிடம் ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறேன். தரையில் மசிக் கறைகள் விழுந்துள்ளன. முறையீடுகளும் வந்துகொண்டிருக்கின்றன, வரட்டும்.

உங்கள் பங்கு மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?